டூல்ஸ் பெட்டிக்குள் மதியழகன்

2024 நவம்பர் 10

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மதியழகன் பிறந்து மூன்றாம் நாள், குப்பாயி அக்கா மடியில் கிடந்தவனைப் பார்த்து, "இவனை ஒரு நாள் படம் புடிப்பாங்க பாரு" என்றேன். சினிமாப் படம் என்றேனா, போட்டோ என்றேனா என்று அன்புச்செல்வி கேட்கிறாள். அப்போது அவள் எனக்கு வாழ்க்கைப்பட்டே வரவில்லை. கேட்க என்ன உரிமை?

இன்று காலை மதியே போன் செய்தான். சென்னையில் இருந்து ஒரு கம்பெனி அவன் கதையைச் சினிமா எடுக்கிறதாம். பெயர் 'பதினோராவது வார்டு'. டைரக்டர் ஜெனிட்டா என்று ஒரு பெண், நம் சேலத்துப் பிள்ளைதான். குடும்பத்தில் யாராவது பேச வேண்டுமாம்.

"அப்பா பேச மாட்டாருங் மாமா. அம்மாவையும் பேச உட மாட்டாரு. நீங்கதான் இருக்கீங்க."

"நான் இருக்கேன் சாமி" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்?

சினிமாவுக்குப் பிறகு இந்த டைரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அதனால் தெளிவாக எழுதி வைக்கிறேன். மதியழகன் என் அக்கா மகன். சேலம் கோர்ட்டில் வக்கீல். 2018இல் டெல்லிப் பெரிய கோர்ட்டில் அந்த 377 தீர்ப்பு வந்த அன்று, டிவிக்காரன் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்டான். இவன் கருத்துச் சொல்லவில்லை. "நானும் அப்படித்தான். எனக்கு ஆம்பளைங்களைத்தான் புடிக்கும். இனிமே நான் குத்தவாளி இல்லை" என்றான். தமிழ்நாடே பார்த்தது. 2022 பேரூராட்சித் தேர்தலில் பதினோராவது வார்டில் தையல் மெஷின் சின்னத்தில் நின்று ஜெயித்தான். அப்படிச் சொல்லிவிட்டு நின்று ஜெயித்ததில் இவன்தான் முதல் ஆள் என்கிறார்கள் படக்காரர்கள். உலகத்திலேயே என்று நான் சொல்லி வருகிறேன். நூறு ஓட்டு வித்தியாசம். (அன்புச்செல்வி முப்பது என்கிறாள். அவளுக்குக் கணக்கு வராது.)

அவன் அப்பா, என் மச்சான் கருப்பண்ணன். எட்டு லாரி வைத்திருந்தவர், இப்போது ஒன்று. எங்கள் பக்கம் பிள்ளை பேரை லாரி நெற்றியில் எழுதுவது வழக்கம். வருசா வருசம் வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி. வாங்கக் காட்டும்போது பெயிண்ட் புதுசாகும், பேரும் புதுசாகும். மதியழகன் என்கிற பேர் கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீர் வரை போய் வந்திருக்கிறது. டிவியில் அவன் பேசிய அடுத்த எஃப்.சி.யில் மச்சான் அதை அழித்துவிட்டார். அந்த இடத்தில் வெறும் மஞ்சள். அன்றில் இருந்து அவர் மகனிடம் பேசுவதில்லை. அவனும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அக்கா பல் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுச் சேலம் போய் மகனைப் பார்த்து வருகிறாள். அவளுக்குப் பல்லே நாலுதான் மிச்சம்.

நவம்பர் 13

டைரக்டர் வந்தது. ஜீன்ஸ் பேன்ட், தோளில் பை, பின்னால் ஒரு கேமராக்காரர். என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டது. பிடித்திருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கி விளக்கு வைக்கும் வரை பேசினேன். போர் போடும் ரிக் வண்டியோடு ராஜஸ்தான் போனது, இன்ஜினியர்கள் கைவிட்ட குழியில் நான் காலால் தட்டிப் பார்த்துத் தண்ணீர் எடுத்தது, அந்த ஊர் ராஜா குடும்பம் எனக்குத் தலைப்பாகை கட்டியது. நடுவில் நடுவில் அந்தப் பிள்ளை "மதி சார் பத்தி, அங்கிள்" என்றது. வருகிறேன் அம்மா. அஸ்திவாரம் போடாமல் வீடு கட்ட முடியுமா?

தேர்தல் கதை சொன்னேன். மேடையில் மைக்கைப் பிடித்து, "நம்ம திருச்செங்கோட்டு மலை மேல சாமியே பாதி ஆணு பாதி பொண்ணா நிக்குது. அதைக் கும்புடுவீங்க, எம் மருமவனுக்கு ஓட்டுப் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன். கைத்தட்டல் சங்ககிரி வரை கேட்டது. மதி எழுந்து வந்து மைக்கை வாங்கினான். "மாமா, அது வேற, இது வேற. எனக்குப் பொண்ணா மாற ஆசையில்லீங். ஆம்பளையாவே இருந்து இன்னொரு ஆம்பளையப் புடிக்குது, அவ்வளவுதான். தண்ணி லைனு வாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் ஜெயித்தான். சிரிப்புக்குக் காரணம் யார்?

பிறகு அந்தப் பிள்ளை படத்தில் அப்பா எப்படி வருவார் என்று சொன்னது. பெயிண்ட் டப்பாவைத் தூக்கி லாரி நெற்றியில் இருக்கும் பேர் மேல் ஊற்றுவாராம். பேர் வழிந்து ஓடுமாம். இடைவேளை.

காபி கொண்டு வந்த அன்புச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். "அப்ப எங்க அண்ணி இந்தப் படத்தை எப்படிம்மா பாப்பாங்க? பெத்த மகன் ஒரு பக்கம், கட்டுனவரு ஒரு பக்கம்."

காபி ஆறியது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அழிச்சாரு, இல்லீங்கல. ஆனாப் பொறவு நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றேன். அழித்த அன்று சாயங்காலம், பெயிண்டர் காத்தான் போன பிறகு, மச்சான் தனியாக வண்டிப் பக்கம் வந்தார். டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம், தன் கையால், 'மதியழகன்' என்று எழுதினார். ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. ஜாக்கி எடுக்கக் குனிகிறவனுக்கு மட்டும் தெரியும். வெளியே அழித்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார் மனுசன்.

அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்தது. "இதுதான் அங்கிள் என் படம். நீங்க பாத்தீங்களா?"

"காத்தான் பாத்தான். எங்கிட்டச் சொன்னான்."

"அவர் போன பிறகுன்னு சொன்னீங்களே?"

"பிரஷை மறந்துட்டுத் திரும்பி வந்தான்."

"அவரைப் பார்க்கலாமா?"

"செத்து நாலு வருசமாச்சுங்க" என்றேன். பாவம், நல்ல கைக்காரன்.

அவர்கள் போன பிறகு அன்புச்செல்வி டம்ளரை எடுத்துக்கொண்டே, "ஏனுங்க, இது எப்ப நடந்துச்சு?" என்றாள். நடந்தது நடந்ததுதான். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

நவம்பர் 14

நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 22

டைரக்டர் போன். அந்த மூடியை நேரில் பார்க்க வேண்டுமாம். நிஜப் பெட்டியையே படத்தில் வைக்கலாம் என்று ஆசை.

வண்டி லைனில் இருக்கிறது, நாக்பூர் தாண்டிப் போயிருக்கிறது என்றேன். எப்போது வரும் என்றது. லைன் வண்டிக்கு நாள் சொல்ல முடியாதுங்க, அங்கே லோடு கிடைத்தால் அங்கிருந்து அசாம், அசாமில் கிடைத்தால் இன்னும் மேலே என்றேன். சரி, ஒரு பழைய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. நல்ல பிள்ளை.

(மச்சான் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு நிற்கிற வண்டியையும் லைனில் இருப்பதாகத்தான் லாரி புக்கிங் தொழிலில் சொல்வோம். முப்பது வருச அனுபவம்.)

2025 ஜனவரி 27

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஷூட்டிங். என்னை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டைரக்டருக்கு அடுத்த நாற்காலி. அடுத்தது இல்லை என்றால் அதற்கு அடுத்தது.

மச்சானாக நடிப்பவர் பெரிய மீசைக்காரர். மூடியில் பேர் எழுதினார். முத்து முத்தாக எழுதினார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய், "அய்யா, அவரு மூணாங்கிளாசு. பில்லுல கையெழுத்துப் போட்டதோட சரி. இவ்வளவு அழகா எழுதுனா ஊரே சிரிக்கும். கோணலா வரட்டும்" என்றேன். டைரக்டர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. அடுத்த டேக்கில் அவர் கை நடுங்கி நடுங்கி எழுதினார். பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். பட்டறையில் தூசிக்குப் பஞ்சமா.

மதியும் வந்திருந்தான், ஜெரினும். ஜெரின் அவனோடு இருக்கிற பையன். சேலத்துக் கிறிஸ்தவப் பிள்ளை, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. பத்து வருசத்துக்கு மேல் சேர்ந்து இருக்கிறார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். எங்கள் சொந்தத்தில் எவனும் நிற்பதில்லை.

மதி மானிட்டரில் அந்தக் காட்சியைப் பார்த்தான். எழுந்து வெளியே போனான். ஜெரின் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனான். கொஞ்ச நேரம் கழித்து மதி என்னிடம் வந்தான்.

"மாமா. நெசமாவாங்?"

"ஏஞ் சாமி, மாமன் பொய் சொல்லுவனா?"

"ஏன் எங்கிட்ட இத்தனை வருசமாச் சொல்லல?"

"நேரம் வரோணும் கண்ணு."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கவுன்சிலராக முதல் கூட்டத்துக்குப் போனபோது எல்லோருக்கும் டீ வந்தது, இவனுக்கு மட்டும் வரவில்லை. இவன் எழுந்துபோய் ஒரு தூக்குப் போசி நிறைய டீ வாங்கி வந்து எல்லோருக்கும் இரண்டாவது டீ ஊற்றிவிட்டுத் தானும் குடித்தான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தான். சிரித்தார்கள். அதற்குப் பழைய சத்துணவுக் கூடத்தை வாங்காமல் விடவில்லை. அப்படிப்பட்டவன். எவன் முன்னாலும் கண் கலங்கினதில்லை. இன்று அவன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில், லைனுக்குப் போன அப்பா எப்போது வருவார் என்று என்னிடம் கேட்பானே, அந்த முகம் —

பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 28

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. தர்மாமீட்டர் இல்லை என்கிறது. அது பழசு.

ஏப்ரல் 6

அக்கா வந்தாள். ஷூட்டிங் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏண்டா மாதேசு, உங்க மச்சான் பொட்டிக்குள்ள பையன் பேரை எழுதி வெச்சிருக்காராமா? எனக்கே தெரியாம?"

"நீ என்னைக்காவது அந்தப் பொட்டியத் தொறந்து பாத்திருக்கியாக்கா?"

"லாரிப் பொட்டியில எனக்கென்னடா வேலை?"

"அப்பறமென்ன."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். "ஏழு வருசமா அந்த மனுசனுக்குச் சோத்தைத் தட்டுல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வருவேன். கல்லு மேல போடற மாதிரி. இன்னைக்குப் போயி நெய் ஊத்தறேன்" என்றாள்.

அவள் போனதும் அன்புச்செல்வி, "மகனும் நம்பிட்டான், தாயும் நம்பிட்டா. இனி அந்தப் பொட்டியத் தொறக்காம இருக்கோணும்னு சாமிக்கு வேண்டிக்குங்க" என்றாள். நான் ஏன் வேண்ட வேண்டும்? எனக்கு என்ன பயம்?

மாரியம்மனுக்கு ஒரு ரூபாய்க் காசு முடிந்து வைத்தேன். அது வேறு வேண்டுதல்.

ஆகஸ்ட் 15

டிரெய்லர் வந்துவிட்டது. கடைசியில் அந்த மூடிதான். நடுங்குகிற கை, கோணல் எழுத்து, பிறகு மூடி மூடுகிற சத்தம். கொடி ஏற்றிவிட்டு வந்தவர்கள் எல்லாம் கையில் மிட்டாயோடு போனில் அதைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னேன் இல்லையா, இது ஓடும் என்று.

ஆகஸ்ட் 17

டீக்கடை. மச்சான் வந்து உட்கார்ந்தார். டயர்க்கடை சபரிநாதன் சும்மா இருப்பானா?

"ஏனுங் கருப்பண்ணண்ணா, ஊருக்கு முன்னாடி வெறைப்பா நின்னுட்டு, பொட்டிக்குள்ள பையனைப் பூட்டி வெச்சிருந்தீங்களாக்கும்! எங்ககிட்டச் சொல்லியிருந்தா நாங்க என்ன புடுங்கிக்கிட்டா போயிருப்போம்?"

நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். முக்கியமான செய்தி ஒன்று இருந்தது. மச்சான் எழுந்து அறைவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"டீ ஆறுது. குடி" என்றார்.

அவ்வளவுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18

மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்புச்செல்வி தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

"மாப்ள. நா எப்ப எழுதுனேன்?"

அவருக்கு எழுபத்து நாலு வயது. மறதி வருகிற வயதுதான். அதையே சொன்னேன்.

"மறந்திருப்பீங்க மச்சான்."

"பெத்த மகன் பேரை எழுதியிருந்தா மறப்பனா?"

எனக்கு வாயடைத்தது என்று எழுதினால் அது பொய். எனக்கு வாய் என்றைக்கும் அடைத்ததில்லை. "எழுதலீன்னா, எழுதலீன்னு டீக்கடையில ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க மச்சான். நானும் டைரக்டருக்குப் போன் போட்டுடறேன். படம் இன்னும் வெளிய வரல. வெட்டிடுவாங்க" என்றேன்.

செம்பைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார்.

"அவன்... அதைப் பாத்துப்போட்டு என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லல மச்சான். எங்கையப் புடிச்சுக்கிட்டான்."

எழுந்து போய்விட்டார். போகும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போன வாரம் வாங்கினது.

ஆகஸ்ட் 20

மதி போன் செய்தான்.

"மாமா, ஆயுத பூசைக்கு வாரேன். அன்னைக்கு எப்படியும் டூல்ஸ் எல்லாம் வெளிய எடுத்துக் கழுவி வெப்பாங்க, பொட்டி தொறந்துதான் கெடக்கும். ரோட்டுல நின்னு ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறேன். உள்ள வரச் சொல்ல வேண்டாம்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

"அதுக்கென்ன சாமி, வா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

போனை வைத்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். டிவி முன்னால் பயப்படாதவன், போஸ்டரில் சாணி அடித்தபோது வாளியோடு போய்த் தானே கழுவி ஒட்டினவன். அவன் வந்து அந்த மூடியைத் தூக்கிப் பார்க்கும்போது — உள்ளே —

என்ன, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்து மங்கியிருக்கலாம். ஏழு வருசம் ஆகிறது அல்லவா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆகஸ்ட் 31

மச்சான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவர் வண்டிப் பக்கம் போனேன். டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க. கையில் நீலப் பெயிண்ட் டப்பா இருந்தது, அது எங்கள் வீட்டுக் கதவுக்கு வாங்கினது. பிரஷும் கதவுக்குத்தான்.

டூல்ஸ் பெட்டியில் பூட்டு. புதுப் பூட்டு. அந்தப் பெட்டியை எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஒரு கம்பியை முறுக்கித்தான் மூடுவார்கள்.

திரும்பினால் மச்சான் நிற்கிறார். நெற்றியில் திருநீறு. என் செருப்பு அவர் காலில்.

"திருட்டுப் பயம் மாப்ள" என்றார். டப்பாவைப் பார்த்தார். "கதவுக்கா?"

"கதவுக்குத்தானுங்க மச்சான்."

"நீலம் எடுக்காது. போங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். அன்புச்செல்வி சோறு கிளறிக்கொண்டே, "நீங்க எழுதியிருந்தாலும் அது உங்க எழுத்துங்க. அவனுக்கு உங்க எழுத்தா வேணும்?" என்றாள். கதவைப் பற்றிச் சொன்னால் இவள் எதையோ பேசுகிறாள்.

செப்டம்பர் 12

படம் வந்தது. சேலத்தில் முதல் காட்சி. தியேட்டர் வாசலில் என்னை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நான் சொன்ன பிறகு.

படம் நன்றாக இருக்கிறது. ஒரே குறை, நானாக நடித்தவன் என்னைவிடக் குள்ளம், வரும் இரண்டு காட்சியிலும் தடுக்கி விழுகிறான். இது யார் யோசனை என்று கேட்க வேண்டும். டீ ஊற்றுகிற காட்சியில் விசில் பறந்தது. மைக்கை வாங்கி "தண்ணி லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்கிற காட்சியில் என் பக்கத்துச் சீட்டுக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மூடிக் காட்சியில் தியேட்டரே மூச்சு விடவில்லை. குப்பாயி அக்கா என் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். என் சட்டை நனைந்தது. நானும் — ஏசி அதிகம், கண்ணில் தண்ணீர் வந்தது.

வெளியே ராசிபுரத்தில் இருந்து வந்த இரண்டு பெண் பிள்ளைகள் மதியிடம் வந்தார்கள். ஒருத்தி மற்றவளை முன்னால் தள்ளினாள். அந்த மற்றவள்தான் கேட்டாள்: "சார், எங்கப்பாவும் எங்கயாச்சும் உள்ள எழுதி வெச்சிருப்பாரா சார்?"

மதி அவள் தலையில் கை வைத்தான். "இருக்கும்மா" என்றான்.

பஸ்ஸில் வரும்போது ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை காசு கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 16

அக்கா போன். "உங்க மச்சான் டயர் பாக்க நாமக்கல் போறேன்னு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனாருடா. மத்தியானம் போனவரு பொழுதெறங்கி வந்தாரு. டயரும் வாங்கல, சொன்ன வேலையும் பாக்கல. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. என்னன்னு கேட்டா, பஸ்ஸுல காத்துங்கறாரு."

டயர் வாங்க யார் வெள்ளை வேட்டி கட்டுவார்கள்? நாமக்கல்லில் படம் இரண்டு தியேட்டரில் ஓடுகிறது. அவர் போவார் என்று நான் அப்போதே நினைத்தேன். எழுதி வைக்கத்தான் மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 30

நாளைக்கு ஆயுத பூசை. மதியை வர வேண்டாம் என்று சொல்ல மூன்று முறை போனை எடுத்தேன். ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று சொல்லலாம். பாலம் உடைந்துவிட்டது என்று சொல்லலாம். இதைவிடப் பெரியதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வாய் வரவில்லை. முதல் முறை.

அக்டோபர் 1

காலையிலேயே மச்சான் வீட்டுக்குப் போய்விட்டோம், நானும் அன்புச்செல்வியும். வண்டியை முன்வாசலுக்குக் கொண்டுவந்து கழுவி, வாழைக்கன்று கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார்கள். அந்த வெறும் மஞ்சள் இடத்தில் சந்தனம் நன்றாகவே இருந்தது. ஸ்பேனர், லீவர், ஜாக்கி எல்லாம் கழுவி வாழையிலையில் வரிசையாக இருந்தன. பெட்டி மட்டும் பூட்டியிருந்தது. டூல்ஸை எடுத்துவிட்டு மறுபடி ஏன் பூட்டினார் என்று அக்காவுக்கும் தெரியவில்லை.

கார் வந்து ரோட்டிலேயே நின்றது. மதி இறங்கினான், ஜெரின் இறங்கினான். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அக்கா ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று மச்சானைப் பார்த்தாள். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. சூடம் காட்டினார். ரோட்டில் பூசணிக்காய் உடைத்தார். உடைத்துவிட்டுத் திரும்பினால் மகன் நேர் எதிரே நிற்கிறான். இடுப்பில் இருந்து சாவியை எடுத்தார். அவனிடம் நீட்டினார்.

நீட்டினார், அவ்வளவுதான்.

மதி வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தான். ஏழு வருசம் கழித்து அந்த வாசலில் கால் வைத்தான். அன்புச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அல்லது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் குனிந்து பூட்டைத் திறந்தான். மூடியைத் தூக்கினான்.

மதியழகன்.

பச்சையில். எழுத்து ஒன்று பெரியது, ஒன்று சின்னது, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் மடங்கிக் கிடந்தது. கையில் ஜாக்கியும் கணக்கு நோட்டும் தவிர எதையும் பிடிக்காத ஒரு மனுசனின் எழுத்து.

மதி விரலால் தடவினான். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

விரலைப் பார்த்தான். திரும்பி வீட்டு கேட்டைப் பார்த்தான். கேட்டுக்கு இந்த வாரம்தான் பச்சை அடித்திருந்தார்கள், அதே பச்சை. நானும் பார்த்தேன். ஜெரினும் பார்த்தான். மதி விரலை மெதுவாக உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"ஆமாங் மாமா" என்றான் என்னைப் பார்த்து. "நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்குது. பழசுதான்."

அப்போதுதான் மச்சான் பேசினார். மகனைப் பார்த்து இல்லை, அவன் கையைப் பார்த்து.

"தண்ணியில போவாது. தேச்சா தோலு போயிரும்." பிறகு கேட்டுக்கு வெளியே பார்த்தார். "சாமி, அங்கயே நின்னா? அந்தச் சன்னல்ல தின்னர் பாட்டில் இருக்குது பாரு, எடுத்துக்கிட்டு உள்ள வா. ரெண்டு பேரும் கையக் கழுவிப்போட்டு வாங்க, சாப்புடலாம்."

ஜெரினை அவர் கூப்பிட்ட முதல் வார்த்தை சாமி.

அக்கா ஆரத்தித் தட்டைச் சுற்றினாள் பாருங்கள், பாதி தண்ணீர் என் மேல். நாலு பல்லும் தெரியச் சிரித்தாள். பந்தியில் மதிக்கு இந்தப் பக்கம் ஜெரின், அந்தப் பக்கம் மச்சான். மதியின் இலையில் அப்பளம் தீர்ந்ததும் தன் அப்பளத்தை எடுத்து வைத்தார். கிளம்பும்போது என் செருப்பைத் திருப்பிக் கொடுத்தார். தேய்ந்துபோயிருந்தது.

அடுத்த எஃப்.சி. தை மாதம். நெற்றியில் பேர் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது எது நடக்காமல் போனது?

அன்புச்செல்வி தூங்கிவிட்டாள். அதனால் ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். ராஜஸ்தான், தலைப்பாகை, சங்ககிரி வரை கேட்ட கைத்தட்டல், எல்லாம் உள்ளது உள்ளபடி. மூடிக்குள் பேர் இருப்பதாக அந்தப் பிள்ளையிடம் சொன்னேனே, அது மட்டும் நானாகச் சொன்னது. காத்தான் பிரஷுக்காகத் திரும்பி வரவில்லை, என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்ன அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு ஜாக்கியும் ஒரு பழைய சாக்கும்தான் இருந்தன.